அதிர்ஷ்டம் என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்

மாணவர்களே, முதலில் ஒரு புதிர். ஒரு கார்ப் பந்தயம் நடக்கிறது. பெரும்பாலான கார்களுக்கு இவ்வளவு பெட்ரோல்தான் என்று முன்கூட்டியே அளவு நிர்ணயித்துவிட்டார்கள். அவற்றுள் ஒரு நிறுவனத்தின் கார்களில் மட்டும், பெட்ரோலை அதிகம் குடிக்கும் என்று பெயரெடுத்த ஒரு வகை இன்ஜின் இருக்கிறது. அந்த நிறுவனமும் போட்டியாளர்களைப் போலப் பெரும்புகழ் பெற்றதல்ல. பந்தயத்தில் வெல்லப்போவது யார்?

அந்த நிறுவனம்தான் வென்றது. 1991 ஜூன் 22, 23 ஆகிய நாள்களில் பிரான்சின் லு மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில், ஜப்பானின் மாஸ்டா நிறுவனத்தின் 787பி என்ற கார் முதலிடம் பெற்றது. மெர்சிடிஸ், ஜாகுவார், போர்ஷ போன்ற பெயர்களைக் கேட்டுப் பழகிய ரசிகர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. லு மானில் ஒட்டுமொத்த வெற்றி பெற்ற முதல் ஜப்பானிய நிறுவனம் மாஸ்டாதான். அடுத்த ஜப்பானிய வெற்றிக்கு 2018-இல் டொயோட்டா வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தக் கதையை இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஒரு சாரார், "சின்ன நிறுவனம், பெரிய மனசு, விடாமுயற்சி, வெற்றி" என்று சினிமாப் படம் போலச் சொல்வார்கள். மற்றவர்கள், "முன்னால் போன மெர்சிடிஸ் பழுதாகி நின்றது, அதனால் ஜெயித்தார்கள், வெறும் அதிர்ஷ்டம்" என்பார்கள். ஓர் அறிவியல் ஆசிரியர் என்ற முறையில் எனக்கு இந்த இரண்டுமே ஏற்புடையவை அல்ல. இரண்டும் நம்மை மேற்கொண்டு யோசிக்கவிடாமல் கதவைச் சாத்திவிடுகின்றன. வாருங்கள், கதவைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம்.

முக்கோணம் சுழலும் இன்ஜின்

நம் வீட்டுக் கார்களில் பிஸ்டன்கள் மேலும் கீழும் போய்வருகின்றன. மாஸ்டாவின் இன்ஜினில் பிஸ்டனே கிடையாது. பக்கங்கள் சற்றே உப்பிய ஒரு முக்கோண வடிவச் சுழலி, இடுப்பு ஒடுங்கிய ஒரு நீள்வட்ட அறைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். சுழலியின் மூன்று பக்கங்களிலும் காற்றும் பெட்ரோலும் உள்ளே வருவது, அழுத்தப்படுவது, எரிவது, புகையாக வெளியேறுவது ஆகிய நான்கு வேலைகளும் மாறி மாறி நடக்கும். ஜெர்மனியைச் சேர்ந்த பெலிக்ஸ் வாங்கெல் உருவாக்கிய இந்த வகை இன்ஜினை மாஸ்டா உரிமம் வாங்கி வளர்த்தது. 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் என்ற காரில் பொருத்தி விற்பனைக்கும் கொண்டுவந்தது.

இந்த இன்ஜினின் நன்மைகள் தெளிவானவை. அசையும் பாகங்கள் குறைவு. ஏறி இறங்கும் பிஸ்டன் இல்லாததால் அதிர்வும் குறைவு. அளவில் சிறியது, எடையும் குறைவு. ஆனால் குறைகளும் உண்டு. பெட்ரோல் எரியும் இடம் நீளமாகவும் தட்டையாகவும் இருக்கிறது. சூடான தேநீரைக் குவளையில் வைத்திருப்பதற்கும் சாசரில் ஊற்றி வைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துப் பாருங்கள். சாசரில் இருக்கும் தேநீர் சீக்கிரம் ஆறிவிடும். அளவு ஒன்றுதான், பரப்பளவுதான் அதிகம். அதேபோல இந்த இன்ஜினிலும் எரிபொருள் தரும் வெப்பத்தின் ஒரு பகுதி சுவர்கள் வழியே வீணாகிறது. தீ ஓரங்களைச் சரியாக எட்டாததால் கொஞ்சம் பெட்ரோல் எரியாமலும் போய்விடுகிறது.

இன்னொரு தலைவலி, முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் இருக்கும் அடைப்புப் பட்டைகள். தொடக்க காலத்தில் இவை இன்ஜினின் உட்சுவரில் நகத்தால் கீறியதுபோல் தடங்களை ஏற்படுத்தின. மாஸ்டாவின் பொறியாளர்கள் அவற்றைப் பிசாசின் நகக்கீறல் என்றே அழைத்தார்கள். கெனிச்சி யாமமோட்டோ தலைமையிலான குழு பலவகைப் பொருள்களைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் அந்தச் சிக்கலுக்கு வழி பிறந்தது.

1991-இல் ஓடிய காரில் இப்படிப்பட்ட நான்கு சுழலிகள் வரிசையாக இருந்தன. மொத்தக் கொள்ளளவு சுமார் 2.6 லிட்டர், திறன் ஏறக்குறைய 700 குதிரைத்திறன். ஒவ்வொரு சுழலிக்கும் மூன்று தீப்பொறிச் செருகிகள் வைத்தார்கள். நீளமான அறையில் தீ எல்லா மூலைக்கும் சீக்கிரம் பரவ வேண்டும் என்பதே காரணம். முனைப்பட்டைகளைச் செராமிக்கில் செய்தார்கள். காற்று உள்ளே வரும் குழாயின் நீளம், இன்ஜினின் வேகத்துக்கு ஏற்பத் தானாக நீண்டு சுருங்கும்படி அமைத்தார்கள். குறை எங்கே என்று அறிந்து, அந்த இடத்தில் வேலை செய்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

பெட்ரோலுக்கு ஒரு வரவு செலவுக் கணக்கு

இப்போது கால்குலேட்டரை எடுங்கள். அந்தப் பிரிவில் ஓடிய ஒரு காருக்கு 24 மணி நேரத்துக்கும் சேர்த்து 2,550 லிட்டர் பெட்ரோல் மட்டுமே அனுமதி. மாஸ்டா கார் 362 சுற்றுகள் ஓடியது. தூரம் ஏறக்குறைய 4,920 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து ஜோகூர் பாருவுக்கு ஏழு முறை போய்த் திரும்பி, இன்னொரு முறையும் போய்ச் சேரும் தூரம் அது. பெட்ரோல் போட, சக்கரம் மாற்ற, ஓட்டுநர் மாற என்று நின்ற நேரத்தையும் சேர்த்தே சராசரி வேகம் மணிக்கு 205 கிலோமீட்டர்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் சக்தி இருக்கிறது. ஆக 2,550 லிட்டரில் சுமார் 81,600 மெகாஜூல். 24 மணி நேரம் என்பது 86,400 வினாடி. வகுத்துப் பார்த்தால் வினாடிக்கு 0.94 மெகாஜூல், அதாவது சுமார் 940 கிலோவாட் வரும். இது பெட்ரோல் தரும் மொத்த வெப்பம். இதில் 30 விழுக்காடுதான் சக்கரத்துக்கான வேலையாக மாறுகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது சுமார் 280 கிலோவாட், அதாவது 380 குதிரைத்திறன்.

இன்ஜினுக்கோ 700 குதிரைத்திறன் தர முடியும்! ஆனால் பெட்ரோல் கணக்குப்படி சராசரியாக அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் செலவழிக்கலாம். 24 மணி நேரமும் முழுத்திறனில் ஓட்டினால், நம் அனுமானப்படி, 4,600 லிட்டருக்கு மேல் தேவைப்படும். ஆகவே இந்தப் பந்தயத்தில் "யாரிடம் அதிகக் குதிரைத்திறன் இருக்கிறது?" என்பது சரியான கேள்வி அல்ல. "கையில் இருக்கும் சக்தியை யார் வீணாக்காமல் செலவழிக்கிறார்கள்?" என்பதே கேள்வி. 7.4 லிட்டர் இன்ஜின் கொண்ட ஜாகுவார் கார்களின் ஓட்டுநர்கள், பெட்ரோல் போதாமல் போய்விடக்கூடும் என்பதால் வேகத்தை அடக்கியே ஓட்ட வேண்டியிருந்தது.

அப்படியானால், பெட்ரோல் குடிக்கும் இன்ஜினை வைத்திருந்த மாஸ்டா எப்படிச் சமாளித்தது? இங்கேதான் பலர் சொல்லாமல் விடும் ஒரு எண் வருகிறது.

170 கிலோ

அந்த ஆண்டு மாஸ்டாவோடு ஒரே பிரிவில் ஓடிய ஜாகுவார், மெர்சிடிஸ் கார்களின் எடை குறைந்தது 1,000 கிலோவாக இருக்க வேண்டும் என்பது விதி. மாஸ்டாவுக்கு மட்டும் 830 கிலோ போதும் என்று அனுமதி கிடைத்தது. அதன் பந்தயக் குழுத் தலைவர் தகாயோஷி ஓஹாஷி அதிகாரிகளிடம் பேசிக் கேட்டு வாங்கிய சலுகை அது. மாஸ்டாவால் நமக்கு ஆபத்தில்லை என்று மற்றவர்கள் நினைத்ததால் பெரிதாக யாரும் எதிர்க்கவில்லை என்பதுதான் இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

170 கிலோ என்ன செய்யும்? பள்ளியில் தெனாகா கினெதிக் என்று படித்திருப்பீர்களே, அந்த இயக்கச் சக்தியை வைத்துப் பார்ப்போம். பொருண்மையை வேகத்தின் இருமடியால் பெருக்கி, இரண்டால் வகுக்க வேண்டும். ஒரு கார் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 100 கிலோமீட்டருக்குப் பிரேக் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கூடுதல் 170 கிலோவுக்காக மட்டும் சுமார் 0.52 மெகாஜூல் சக்தி பிரேக்கில் வெப்பமாகப் போய்விடும். பிறகு மீண்டும் 300-ஐ எட்ட, அதே அளவு சக்தியைப் பெட்ரோலிலிருந்து எடுத்தாக வேண்டும். நம்முடைய 30 விழுக்காட்டு அனுமானப்படி, ஒரு முறை பிரேக் பிடிப்பதற்கு ஏறக்குறைய 50 மில்லிலிட்டர் பெட்ரோல் கூடுதல் செலவு. நான்கு மேசைக்கரண்டி அளவுகூட இல்லைதான். ஆனால் ஒரு சுற்றில் பலமுறை, அதுவும் 360 சுற்றுகளுக்கு மேல் என்று பெருக்கிப் பாருங்கள்!

இதில் இன்னொரு செய்தியும் சேர்கிறது. லு மானில் ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே நேர்சாலை இருந்தது. கார்கள் அளவுக்கு மீறிய வேகத்தில் பறந்ததால், 1990-இல் அந்தச் சாலையின் நடுவே இரண்டு இடங்களில் வளைவுகளைப் புகுத்தினார்கள். எனவே ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக இரண்டு முறை கடுமையாகப் பிரேக் பிடித்து, மறுபடியும் வேகமெடுக்க வேண்டியதாயிற்று. பிரேக் பிடிக்கும் இடம் கூடினால், எடை குறைந்த காருக்குத்தானே ஆதாயம்? பெட்ரோல், பிரேக், டயர் என மூன்றிலும் தேய்மானம் குறையும்.

நின்றுபோன மெர்சிடிஸ்

மாஸ்டாவின் 55-ஆம் எண் கார் 19-ஆவது இடத்திலிருந்துதான் புறப்பட்டது. பச்சையும் ஆரஞ்சுமாகக் கட்டம் போட்ட காரை ஃபோல்கர் வைட்லர், ஜானி ஹெர்பர்ட், பெர்ட்ரான் காஷோ ஆகிய மூவரும் மாறி மாறி ஓட்டினார்கள். மெல்ல மெல்ல முன்னேறி இரண்டாம் இடத்துக்கு வந்தார்கள். முதலிடத்தில் இருந்த மெர்சிடிஸ் சில சுற்றுகள் முன்னால் இருந்தது. பந்தயம் முடிய ஏறக்குறைய மூன்று மணி நேரம் இருந்தபோது, அதன் இன்ஜின் குளிரூட்டும் அமைப்பு செயலிழந்து, சூடேறி, பந்தயத்தை விட்டே விலகியது. மாஸ்டா முதலிடத்துக்கு வந்தது. கடைசிக் கட்டத்தை ஓட்டி முடித்த ஹெர்பர்ட், உடலில் நீர்ச்சத்து வற்றிச் சுருண்டு விழுந்தார். வெற்றி மேடையில் ஏறக்கூட அவரால் முடியவில்லை.

"பார்த்தீர்களா, மெர்சிடிஸ் நிற்காமல் போயிருந்தால் மாஸ்டா இரண்டாமிடம்தானே?" என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் இது 24 நிமிடப் பந்தயம் அல்ல, 24 மணி நேரப் பந்தயம். எவ்வளவு வேகம் என்பதோடு எவ்வளவு நேரம் தாங்கும் என்பதையும் சேர்த்து அளப்பதற்கே அது நடத்தப்படுகிறது. 21 மணி நேரம் ஓடிவிட்டுச் சூடேறி நின்றுபோவது பந்தயத்துக்கு வெளியே நடந்த விபத்து அல்ல. பந்தயம் அளக்க வந்ததே அதைத்தான்.

மேலும் ஒரு சான்று இருக்கிறது. ஆய்வகத்தில் ஒரு பரிசோதனையை ஏன் மூன்று முறை செய்யச் சொல்கிறோம்? ஒரே ஒரு முடிவு தற்செயலாக வந்திருக்கலாம் என்பதால்தானே? அந்த ஆண்டு மாஸ்டா மூன்று கார்களைப் பந்தயத்தில் இறக்கியது. மூன்றுமே பந்தயத்தை முடித்தன. அவை பெற்ற இடங்கள் ஒன்று, ஆறு, எட்டு. மெர்சிடிஸின் மூன்று கார்களில் ஒன்று மட்டுமே ஐந்தாவதாக முடித்தது. மற்ற இரண்டும் பாதியிலேயே விலகின. மாஸ்டா ஒரே ஒரு காரை அனுப்பி அது வென்றிருந்தால் அதிர்ஷ்டம் என்ற பேச்சுக்கு வலு அதிகம். மூன்றும் தாங்கி நின்றபோது அந்தப் பேச்சுக்கு வலு குறைகிறது.

அதற்கு முந்தைய ஆண்டையும் பாருங்கள். 1990-இல் புதிதாகக் கொண்டுவந்த இரண்டு 787 கார்களும் பந்தயத்தை முடிக்கவே இல்லை. இன்னும் பின்னால் போனால், 1979-இல் அவர்களின் கார் தகுதிச் சுற்றையே தாண்டவில்லை. ஆண்டுதோறும் வந்து, எது உடைந்தது என்று குறித்துக்கொண்டு போய், அதைச் சரிசெய்து திரும்பி வந்திருக்கிறார்கள். பந்தயத்தில் கலந்துகொள்வதே அவர்களுக்கு ஆய்வகமாக இருந்திருக்கிறது.

அப்படியானால் எது நிரூபணமானது?

என் கருத்தை இங்கே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பந்தயம், "சுழலி இன்ஜின் பிஸ்டன் இன்ஜினைவிடச் சிறந்தது" என்று நிரூபிக்கவில்லை. ஏனென்றால் எடை என்ற மாறி கட்டுப்படுத்தப்படவில்லை. தொடக்கப்பள்ளியிலேயே தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று படித்துவிட்டீர்கள். ஒரு செடிக்கு உரமும் போட்டு, வெயிலிலும் வைத்துவிட்டு, இன்னொரு செடியை உரமில்லாமல் நிழலில் வைத்தால், உரத்தால்தான் வளர்ந்தது என்று சொல்ல முடியுமா? முடியாது. இதுவும் அப்படித்தான்.

அதே நேரத்தில் மாஸ்டா ஏமாற்றி வென்றது என்றும் சொல்ல முடியாது. விதிக்குள் நின்று, விதியை நன்றாகப் படித்து, எல்லோரும் அறியக் கேட்டு வாங்கிய சலுகை அது. பந்தயம் என்பது அறிவியல் பரிசோதனை அல்ல. விதியைப் புரிந்துகொள்வதும் அங்கே திறமையின் ஒரு பகுதி.

நிரூபணமானது இதுதான்: அந்த விதிகளின்படி, அந்தச் சாலையில், 830 கிலோ எடையுள்ள அந்தக் கார், கொடுத்த பெட்ரோலுக்குள் 24 மணி நேரம் பழுதின்றி 362 சுற்றுகள் ஓடும். முடிவு சிறியதாகத் தோன்றுகிறது, இல்லையா? ஆனால் இதை யாராலும் அசைக்க முடியாது. பெரிய வாய்ச்சொல்லைவிட எல்லை தெரிந்த சிறிய முடிவுக்குத்தான் அறிவியலில் மதிப்பு அதிகம். அடுத்த ஆண்டு விதிகள் 3.5 லிட்டர் பிஸ்டன் இன்ஜின்களுக்கு மாறின. சுழலி இன்ஜினுக்கு அங்கே இடமில்லாமல் போனது. எடையைச் சமமாக்கி மறுபடியும் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு வரவே இல்லை.

இதை ஏன் உங்களிடம் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்? பள்ளி அறிவியல் விழாக்களில் மாணவர்களின் அறிக்கைகளைப் படிக்கும்போது, தங்களுக்குச் சாதகமாக இருந்த சூழலை மறைத்துவிடும் பழக்கத்தைப் பார்க்கிறேன். "எங்கள் வடிகட்டி தண்ணீரைத் தூய்மையாக்கியது" என்று எழுதுவார்கள். அந்தத் தண்ணீர் முந்தைய இரவே ஒரு வாளியில் தெளியவைக்கப்பட்டது என்பதை எழுத மாட்டார்கள். எழுதினால் மதிப்பெண் குறையும் என்ற பயம். உண்மை நேர்மாறானது. உங்களுடைய 170 கிலோவை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். "எங்களுக்கு இந்தச் சாதகம் இருந்தது, அதையும் கணக்கில் எடுத்த பிறகு இவ்வளவுதான் எங்கள் முடிவு" என்று எழுதுங்கள். அப்படி எழுதிய அறிக்கையை எந்த நடுவரும் நம்புவார்.

சிறிய பள்ளியில் படிக்கும் மாணவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். "பெரிய பள்ளிக்காரர்களிடம் எல்லா வசதியும் இருக்கிறது, நாம் போய் என்ன செய்வது?" என்று பின்வாங்காதீர்கள். வசதியில் சமமாக முடியாத இடத்தில், எந்த அளவுகோலால் அளக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் அதிகத் தூரம் போக வேண்டும் என்பதே போட்டியாக உள்ள ஷெல் எக்கோ மராத்தானின் முதல் ஆசியப் பந்தயம், 2010-இல் நம் சிப்பாங்கில்தான் நடந்தது. மாணவர்கள் தங்கள் கையால் செய்த வண்டிகளை அங்கே ஓட்டினார்கள். அங்கே குதிரைத்திறன் அதிகம் உள்ள வண்டிக்கு வெற்றி கிடையாது. எடை, உராய்வு, காற்றுத்தடை ஆகியவற்றைக் குறைக்கத் தெரிந்தவர்களுக்கே வெற்றி. போட்டியின் கேள்வி மாறினால், வலிமை என்பதன் பொருளும் மாறிவிடுகிறது.

அடுத்த முறை யாராவது வென்றதாகவோ தோற்றதாகவோ செய்தி படித்தால், அது கால்பந்தாக இருந்தாலும் சரி, எஸ்.பி.எம். முடிவாக இருந்தாலும் சரி, "அதிர்ஷ்டம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். என்ன அளந்தார்கள், எது எல்லோருக்கும் சமமாக இருந்தது, எது சமமாக இல்லை என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதன் பிறகும் விளக்க முடியாமல் ஏதாவது மிஞ்சினால், அந்த மிச்சத்துக்கு மட்டும் அதிர்ஷ்டம் என்று பெயர் வையுங்கள். பெரும்பாலும் அது நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.